தங்கையின் வலது மணிக்கட்டு: அறுவைச் சிகிச்சை இப்போதே செய்வதா, போட்டி முடிந்த பிறகா?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை கோவையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். கல்லூரிக் கைப்பந்து அணியில் அவள்தான் செட்டர், அதாவது மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவள். கடந்த மாசி மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவை ஒட்டி நடந்த மின்னொளிப் போட்டியில், கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுக்கப் பாய்ந்து, வலது உள்ளங்கையை விரித்து ஊன்றியபடி விழுந்தாள். அன்றிரவே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. சுளுக்கு என்று மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து அனுப்பினார்கள். வீக்கம் வடிந்ததும் பயிற்சிக்குத் திரும்பிவிட்டாள்.

வலி முழுவதுமாகப் போகவே இல்லை. டீ டம்ளரை இடக்கையால் எடுப்பதையும், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவதையும் அம்மாதான் முதலில் கவனித்தார். கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியுமல்லவா, அந்த இடத்தை லேசாக அழுத்தினாலே கையை உதறி இழுத்துக்கொள்கிறாள். ஆடி மாதக் கடைசியில் கை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டினோம். எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஸ்கேபாய்டு எலும்பு இரண்டாக உடைந்து ஒட்டாமலே இருக்கிறது என்றும், முன்கையை ஒட்டிய சிறு துண்டுக்கு இரத்த ஓட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது என்றும் சொன்னார். வேறொரு இடத்திலிருந்து இரத்தக் குழாயோடு சேர்த்து எலும்புத் துண்டு எடுத்து ஒட்டாக வைத்து, திருகு போட்டு இறுக்க வேண்டுமாம். மீண்டும் களத்தில் இறங்க ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகலாம் என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கருத்து. மார்கழியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி வருகிறது. அணியில் இடம் கிடைத்து ஆடிவிட்டால் ஃபார்ம் 3 சான்றிதழ் கைக்கு வரும், நாளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க அதுதான் துணை என்பது அப்பாவின் எண்ணம். சோமனூர் பக்கம் சில தறிகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் அந்த எண்ணத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கையும் ஆடிவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்றே சொல்கிறாள். இதுவரை தாங்கிய கை இன்னும் மூன்று மாதம் தாங்காதா என்பதுதான் அவர்கள் இருவரின் கேள்வியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்கரை

தம்பி, நான் ஈரோட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாவின் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. கிராமத்துப் பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் நான் கேட்ட காலத்தில், ரயில்வேயிலோ காவல் துறையிலோ வேலைக்குப் போன அக்காமார்களைக் காட்டித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அந்தச் சான்றிதழ் வெறும் காகிதமன்று.

மணிக்கட்டில் முறிவோடு ஒரு பருவம் முழுவதையும் ஆடி முடித்துவிட்டுப் பிறகு அறுவைச் சிகிச்சைக்குப் போனவர்கள் விளையாட்டு உலகில் உண்டு. கைக்கவசம் அணிந்து, டேப் சுற்றி, பயிற்சியைக் குறைத்துக்கொண்டு போட்டி நாட்களில் மட்டும் ஆடினால் என்ன என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஆறேழு மாதம் ஆகிவிட்ட காயத்தில் மேலும் சில வாரங்கள் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கிவிடும் என்பது எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

சிங்காநல்லூர் இயன்முறை

நான் இயன்முறை மருத்துவர். கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சிதான் என் அன்றாட வேலை. பவானிக்கரை ஐயா நேர்மையாகக் கேட்ட கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் ஸ்கேபாய்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதற்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு விரல் பக்கப் பகுதியில் நுழைந்து, அங்கிருந்து பின்னோக்கி முன்கைப் பக்கத்துக்கு ஓடுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் இடையில் கரை உடைந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகாதோ, அப்படித்தான் இந்த எலும்பு நடுவிலோ முன்கைக்கு இன்னும் அருகிலோ உடையும்போது முன்கைப் பக்கத்துத் துண்டு காய்ந்துபோகக்கூடும். உடைந்த கோடு முன்கைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒட்டாமல் போகும் வாய்ப்பும் கூடுதல். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவதும் அரிதன்று. அதனால்தான் கட்டைவிரலடிக் குழியில் வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுக்கவோ உடனே எம்.ஆர்.ஐ. பார்க்கவோ சொல்வது வழக்கம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒட்டாத முறிவோடு சிலர் பருவத்தை முடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த அனுமதி எலும்பின் எந்த இடத்தில் முறிவு, துண்டு உயிரோடு இருக்கிறதா, வடிவம் சரிந்திருக்கிறதா என்பதைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. இந்தப் பெண்ணுக்கு முறிவு இருக்கும் இடமே மோசமானது. துண்டுக்கு இரத்தமும் இல்லை. இரத்தம் இழந்த எலும்பு நாளடைவில் நொறுங்கும். அது நொறுங்கிவிட்டால் ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற அங்கே எலும்பே மிச்சம் இருக்காது. எலும்பு சரியச் சரியச் சுற்றியுள்ள குருத்தெலும்பும் தேயும், தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்பக் கொடுக்க எந்த அறுவைச் சிகிச்சையாலும் முடியாது. அதன் பிறகு கையில் இருக்கும் வழிகள் ஒரு வரிசை எலும்புகளை எடுத்துவிடுவது, அல்லது சில எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து இறுக்கிவிடுவது. இரண்டும் வலியைக் குறைக்கும், அன்றாட வேலைக்கு உதவும். ஆனால் மணிக்கட்டின் அசைவில் கணிசமான பங்கை எடுத்துக்கொண்டுவிடும்.

அசைவு குறைவது ஒரு செட்டருக்கு என்ன பொருள் என்பதை நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செயலில் பார்க்கலாம். இரு கைகளையும் மார்புக்கு முன் குவித்து வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளங்கைகள் பிரியாமல் முழங்கைகளை மெல்லப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். மணிக்கட்டு எவ்வளவு பின்னால் வளைகிறது என்பது அதில் தெரிந்துவிடும். நெற்றிக்கு மேலே பந்தை வாங்கி விரல் நுனிகளால் தள்ளிவிடும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவு இரண்டு கைகளிலும் சமமாக வேண்டும். ஒரு கை பின்தங்கினால் பந்து சுழன்று போகும். இரு கைகளும் ஒரே நேரத்தில் படவில்லை என்று நடுவர் விசில் ஊதவும் கூடும். இப்போதே அவள் வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஆடுகிறாள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் மார்கழியில் அவள் ஆடப்போவதும் தன் முழு ஆட்டமாக இருக்காது. இந்த மூன்று மாதத்தில் அவள் பணயம் வைப்பது மார்கழிக்குப் பிறகு வரும் எல்லாப் பருவங்களையும் என்பதை வீட்டில் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

காங்கேயத்தான்

தம்பி, எலும்பு முறிவுக்குக் கத்தி வைப்பதற்கு முன் நாட்டுக் கட்டு ஒரு முறை பார்த்துவிடலாமே. என் தந்தையார் தென்னையிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்தபோது கட்டுப் போட்டுத்தான் சரியானது. கடைசி வரை மண்வெட்டி பிடித்தார். அம்மணிக்குச் சின்ன வயது, இரத்தம் நன்றாக ஓடும் உடம்பு. பெண் பிள்ளையின் கையில் தழும்பு வேண்டாமே என்றும் ஒரு எண்ணம்.

சிங்காநல்லூர் இயன்முறை

ஐயா, உங்கள் தந்தையாருக்குக் கை சேர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. முன்கை எலும்புகளைச் சுற்றித் தசை இருக்கிறது, இரத்தம் பல வழிகளில் வருகிறது. அசையாமல் பிடித்து வைத்தால் பலருக்கு அவை சேர்ந்துவிடும். ஸ்கேபாய்டைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை. இங்கே நிகழ்ந்திருப்பது கட்டினால் தீரும் நிலையைக் கடந்துவிட்டது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே நார்த்திசு வளர்ந்திருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு உயிருள்ள எலும்பை வைக்காமல் அந்த இடைவெளி மூடாது. இறுக்கமான கட்டினால் விரல்கள் மரத்து, தசை பாதிக்கப்பட்டு வருகிறவர்களையும் நான் பார்க்கிறேன். அதனால் இந்தக் கைக்கு அது வேண்டாம் என்று தங்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். தழும்பு பற்றிய கவலையை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடுவோம்.

பந்தயச்சாலை பதினொன்று

நான் கூடைப்பந்து ஆடியவன். பி.எஸ்.ஜி. கோப்பை ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்து, அந்த ஆசையிலேயே கல்லூரி அணிக்கும் பிறகு ஒரு நிறுவன அணிக்கும் வந்தேன். எனக்கும் இதே எலும்பு, இடது கை, ஒட்டாமல் போன முறிவு. நடுப்பகுதி என்பதால் இரத்த ஓட்டம் இருந்தது. இடுப்பெலும்பிலிருந்து ஒட்டு எடுத்து வைத்துத் திருகு போட்டார்கள். எனவே தங்கையின் நிலை என்னுடையதைவிடக் கடினமானது என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

அறுவைச் சிகிச்சை நாளைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது கடந்துவிடுகிறது. கைக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் மரக்கச் செய்கிறார்கள், ஒட்டு எடுக்கும் இடத்தைப் பொறுத்து முழு மயக்கமும் கொடுக்கிறார்கள். உண்மையான சோதனை வலி போன பிறகு வருகிறது. மாவுக்கட்டைப் பிரித்து, எக்ஸ்ரேயில் வெண்மையாகச் சேர்ந்தது போலத் தெரிந்தபோது, அணியில் எல்லோரும் நான் வந்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டார்கள். மேலாளர் தினமும் தொலைபேசியில் விசாரித்தார். விசாரிப்பில் அன்பும் இருந்தது, அவசரமும் இருந்தது. என் மருத்துவர் மட்டும் எக்ஸ்ரேயை நம்ப மறுத்து, சி.டி. எடுத்துப் பார்க்காமல் பந்தைத் தொடக் கூடாது என்றார். சி.டி.யில் எலும்பின் குறுக்கே பாதிக்கும் சற்று அதிகமாகத்தான் பாலம் போட்டிருந்தது. உள்ளங்கைப் பக்கம் இன்னும் கறுப்புக் கோடு தெரிந்தது. மீண்டும் சில வாரங்கள் மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வாரங்களில் ஓடினேன், கால்களுக்கான பளுப் பயிற்சி செய்தேன், வலது கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த சி.டி.யில் கோடு மறைந்த பிறகே அணிக்குத் திரும்பினேன். இன்றும் அந்த மணிக்கட்டு மற்றதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வளைகிறது, ஆனால் கீழே விழுந்தால் பயமில்லாமல் ஊன்றுகிறேன்.

ஆகவே தம்பி, எந்தத் தேதியில் அறுவைச் சிகிச்சை என்று விவாதிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் படத்தைப் பார்த்து அவளைத் திரும்ப விடுவது என்பதையும் இப்போதே மருத்துவர், பயிற்சியாளர், வீட்டார் மூவரும் பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேச உட்கார்ந்தால் ஆளாளுக்கு ஒரு போட்டி அருகில் வந்து நிற்கும்.

ஆனைமலைச்சாரல்

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். டென்னிஸை நெடுங்காலமாகப் பின்தொடர்பவன் என்பதால், மணிக்கட்டில் காயம்பட்ட இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை இங்கே நினைவுபடுத்துவது பயன்படும்.

அர்ஜென்டினாவின் டெல் போட்ரோ 2009-இல் அமெரிக்க ஓப்பனை வென்றவர். மறு ஆண்டே வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. அதிலிருந்து மீண்டு வந்தவருக்கு 2014-இல் இடது மணிக்கட்டில் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒன்று, 2015 ஜனவரியில் ஒன்று, ஜூனில் ஒன்று என அதே கையில் மூன்று அறுவைச் சிகிச்சைகள். 2016 பிப்ரவரியில் அவர் திரும்பியபோது இரண்டு கைகளால் அடிக்கும் பேக்ஹேண்டை முழு வேகத்தில் அடிக்க முடியவில்லை. ஒரு கையால் வெட்டி அடிக்கும் ஸ்லைஸை வைத்தே ஆட்டத்தை மாற்றி அமைத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தோடுதான் அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் ஜோகோவிச்சையும் அரையிறுதியில் நடாலையும் வீழ்த்தி வெள்ளி வென்றார், ஆண்டு முடிவில் தன் நாட்டுக்கு முதல் டேவிஸ் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். 2018-இல் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை உயர்ந்தார்.

மற்றவர் ஆஸ்திரியாவின் டொமினிக் தீம். 2020 அமெரிக்க ஓப்பன் வெற்றியாளர். 2021 ஜூனில் மயோர்காவில் வலது மணிக்கட்டில் காயம். அறுவைச் சிகிச்சை செய்யாமல் ஸ்பிளிண்ட் போட்டு ஆற வைத்தார்கள். 2022-இல் திரும்பினார். ஆனால் பழைய ஃபோர்ஹேண்ட் அவருக்கு முழுவதும் கைவரவில்லை. 2024-இல் ஓய்வு பெற்றார்.

இருவரின் காயமும் உங்கள் தங்கையின் காயமும் வேறு வேறு. அவர்களுக்கு எலும்பைவிடத் தசைநாரும் அதைச் சுற்றிய உறையும்தான் சிக்கல். அறுவைச் சிகிச்சை செய்தவர் வென்றார், செய்யாதவர் தோற்றார் என்று இதிலிருந்து கணக்குப் போடவும் கூடாது. நான் இவற்றில் பார்ப்பது வேறு. திரும்பி வரும் கை பழைய கையாக இல்லாவிட்டாலும், இருக்கும் கையை வைத்து ஆட்டத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ள டெல் போட்ரோவுக்கு நேரமும் பொறுமையும் கிடைத்தன. அந்த நேரத்தை உங்கள் தங்கைக்குக் கொடுக்க வேண்டியது குடும்பமும் கல்லூரியும்தான்.

பக்கத்தில் பார்ப்பதானால் நம் சின்னப்பம்பட்டிக் கிரிக்கெட் வீரர் நடராஜன் இருக்கிறார். 2021 ஐ.பி.எல். நடந்துகொண்டிருக்கும்போதே விலகி, ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. விட்டுவிட்டுப் போக எவருக்கும் மனம் வராத நேரத்தில் அவர் போனார்.

பவானிக்கரை

படித்துக்கொண்டே வருகிறேன். துண்டு நொறுங்கிவிட்டால் ஒட்டுவதற்கே இடமிராது என்பது எனக்குப் புதிய செய்தி. அப்படியென்றால் கைக்கவசத்தோடு ஆடச் சொன்ன என் யோசனை இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது. ஆனாலும் சான்றிதழ் பற்றிய கவலை அப்படியே நிற்கிறது. அதற்கு ஒரு வழியைச் சொல்கிறேன். அவள் இப்போது இரண்டாம் ஆண்டு. அடுத்த பருவம் முழுதும் கையில் இருக்கிறது, முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால் மேலும் பருவங்கள் கிடைக்கும். உடற்கல்வி இயக்குநரிடம் அப்பாவையே நேரில் அழைத்துச் சென்று, ஆடாத இந்த ஆண்டிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சலுகை தொடரும் என்பதைக் கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காயம்பட்ட பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணச் சலுகையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்ட கல்லூரிகளை நான் அறிவேன். பெயர் வேண்டாம். வாய் வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.

கொடுமுடி வாசகன்

மருத்துவக் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செலவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு; ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். உங்களிடம் ஏற்கெனவே அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த மருத்துவமனைக்கு இந்தத் திட்டத்தில் அனுமதி இருக்கிறதா, இந்தக் குறிப்பிட்ட அறுவைச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா. இரத்தக் குழாயோடு எடுக்கும் எலும்பு ஒட்டும் சாதாரண ஒட்டும் பட்டியலில் ஒன்றாக இருக்கும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன் அனுமதி வராமல் சேர்ந்துவிட்டால் பிறகு பணம் திரும்பக் கிடைப்பது கடினம்.

இன்னொன்று. இயன்முறைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவும், கூட வருபவருக்கு இழப்பாகும் கூலியும் எந்தத் திட்டத்திலும் வராது. அறுவைச் சிகிச்சைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்கென்று முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். பாதியில் பயிற்சியை நிறுத்தியவர்களில் பலர் பேருந்துச் செலவுக்காகவே நிறுத்தியிருக்கிறார்கள்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. அப்பாவையும் தங்கையையும் உட்கார வைத்து இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். இயன்முறை அக்கா சொன்னபடி வணக்கம் வைத்து முழங்கையை உயர்த்தச் சொன்னபோது, இடது கை வளைந்த அளவில் பாதிக்கும் குறைவாகவே அவளது வலது கை வளைந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, டாக்டரிடம் எப்போது போகிறோம் என்று மட்டும் கேட்டார்.

மறுபடியும் மருத்துவரைப் பார்த்து வந்தோம். கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களால் ஆலை இயந்திரத்தில் சிதைந்த கைகளைக்கூடச் சேர்த்துத் தைக்கும் நுண் அறுவைச் சிகிச்சை நம் ஊர்ப்பக்கத்திலேயே வளர்ந்திருக்கிறது என்பதை அவர் பேச்சில்தான் முழுமையாக உணர்ந்தேன். கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும் பிறருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். ஒட்டு எங்கிருந்து எடுப்பது என்பதற்கு இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, அதே கையின் முன்கை எலும்பின் பின்புறத்திலிருந்து, அதோடு ஓடும் சிறு இரத்தக் குழாயைத் துண்டிக்காமல் அப்படியே திருப்பி வைப்பது. மற்றது, முழங்காலின் உட்புறத்திலிருந்து எலும்பையும் குழாயையும் முழுதாக வெட்டி எடுத்து, நுண்ணோக்கி வைத்து மணிக்கட்டுக் குழாயோடு தைப்பது. எலும்பின் வடிவம் சரிந்திருந்தால் இரண்டாவது வழிதான் நன்றாக நிமிர்த்தும், ஆனால் முழங்கால் வலி சில வாரங்கள் இருக்கும் என்றார். குதித்து ஆடும் பெண்ணுக்கு முழங்காலில் கைவைப்பதா என்று தங்கை நேராகவே கேட்டாள். சி.டி.யில் சரிவு குறைவாக இருப்பதால் முன்கை ஒட்டையே முதலில் திட்டமிடுவதாகவும், எலும்பைத் திறந்து, இரத்தத்தை நிறுத்த மேல்கையில் கட்டிய பட்டையைத் தளர்த்தி, அந்தத் துண்டில் இரத்தம் துளிர்க்கிறதா என்று பார்த்த பிறகே கடைசி முடிவு எடுப்பதாகவும், அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சம்மதம் வாங்குவதாகவும் விளக்கினார்.

ஒட்டாமல் போகும் வாய்ப்பு இதற்குப் பிறகும் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் அப்பாவுக்கு நம்பிக்கை கொடுத்தது என்று நினைக்கிறேன். ஐப்பசியில் தேதி குறித்திருக்கிறது. போட்டி இந்த ஆண்டு இல்லை.

சிங்காநல்லூர் இயன்முறை

நல்ல முடிவு, தம்பி. சரியான கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்த முன்கை ஒட்டை 1991-இல் விவரித்து உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் சைடம்பர்க்; அவரும் அர்ஜென்டினாக்காரர்தான், ஆனைமலைச்சாரல் அண்ணனுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். உள்ளே போடும் தலையில்லாத திருகு 1984-இல் ஹெர்பர்ட் வெளியிட்டது. திருகின் இரு முனைகளிலும் மரை வெவ்வேறு நெருக்கத்தில் இருப்பதால், அதை முறுக்க முறுக்க இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கும். எலும்புக்குள்ளேயே புதைந்துவிடுவதால் பொதுவாக அதை எடுக்க வேண்டியதில்லை. துண்டு மிகச் சிறியதாக இருந்தால் திருகுக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளை வைப்பதும் உண்டு.

பிறகு வரும் மாதங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டு இருக்கும் காலத்தில் மணிக்கட்டு அசையக் கூடாது. ஆனால் விரல்கள் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். முழுதும் மடக்கி, முழுதும் விரித்து, மணிக்கொரு முறையாவது செய்யச் சொல்லுங்கள். தோளையும் முழங்கையையும் சும்மா வைத்திருக்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும். விரல்கள் வீங்கிப் பளபளத்து, தொட்டாலே தாங்க முடியாத எரிச்சல் வந்தால், அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் யாராவது புகை பிடித்தால் அவள் இருக்கும் இடத்தில் வேண்டாம். நிகோட்டின் எலும்பு சேர்வதைக் கெடுக்கும்.

கட்டுப் பிரிக்கும் நாளில் அவள் மனம் உடைவாள். பெரும்பாலானோர் உடைகிறார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு மரக்கட்டை போல நிற்கும். சோற்றைப் பிசையக்கூட வராது. அது சிகிச்சை தோற்றதற்கான அடையாளமன்று என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். முதலில் வெந்நீரில் அசைவு, பிறகு மேசை விளிம்பில் கையை வைத்து மேலும் கீழும், சி.டி.யில் எலும்பு சேர்ந்த பிறகே மென்மையான பிசைமாவை அழுத்துவதும் எடை தூக்குவதும். பிடியின் வலுவை ஒரு கருவியால் அளந்து மற்றக் கையோடு ஒப்பிட்டுக்கொண்டே வருவோம். பந்தைப் பொறுத்தவரை, படுத்துக்கொண்டு லேசான பந்தை மேலே தூக்கிப் பிடிப்பதில் தொடங்கி, சுவரில் அடித்து, பிறகு நின்று செட் செய்வது என்று போகும். உள்ளங்கை ஊன்றித் தண்டால் எடுக்க வலியில்லாமல் முடிந்த பிறகுதான் பாய்ந்து விழும் பயிற்சி. இடையில் ஒரு மாதம் முன்னேற்றமே தெரியாமல் நிற்கும். அந்த மாதத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது அவளைத் தனியாக விடாமல் அணி நடக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து எதிரணியின் தடுப்பு எங்கே திறக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தாலும் அவள் செட்டராகவே இருப்பாள்.

நொய்யல்கரை

அக்கா, இந்தப் பதிவை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இன்னொரு சிக்கல் முளைத்திருக்கிறது. கார்த்திகையில் பருவத் தேர்வுகள் வருகின்றன, வலது கை கட்டில் இருக்கும். அவளுக்குப் பதிலாக எழுத ஒருவரை அனுமதிக்க முடியுமா என்று கேட்டால், தேர்வுப் பிரிவில் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். என்ன மாதிரியான சான்றிதழ் என்று தெளிவாகச் சொல்லவில்லை. யாருக்காவது தெரியுமா?

கொடுமுடி வாசகன்

தம்பி, அறுவைச் சிகிச்சை ஆனது என்று மட்டும் எழுதிய சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வலது கையால் எழுத இயலாது என்ற வரியும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும், மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கட்டு நீடித்தால் தேதியும் நீளும் என்பதால், தேர்வு முடியும் நாளுக்குப் பிறகும் சில வாரங்கள் சேர்த்து எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். எழுதுபவர் அவளைவிடக் குறைந்த வகுப்பில், வேறு பாடப்பிரிவில் படிப்பவராக இருந்தால் ஆட்சேபம் எழாது. விண்ணப்பத்தை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அவள் கையெழுத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு சில வாரங்களுக்கு அவளால் கையெழுத்துப் போட முடியாது.